பருவம் மாறும் முதல் நாளில் சாலை

மழை பெய்தால் விபத்து கூடும், பனி விழுந்தால் அதைவிடக் கூடும் என்றே நம்மில் பெரும்பாலோர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அந்த எண்ணம் தவறில்லை. ஆனால் அதில் பாதி உண்மைதான் இருக்கிறது. அமெரிக்காவின் 48 மாநிலங்களில் 1975 முதல் 2000 வரை நடந்த விபத்துகளின் பதிவுகளை வானிலைப் பதிவுகளோடு பொருத்திப் பார்த்த இரண்டு ஆய்வுகள் 2004-இலும் 2005-இலும் வெளியாயின. மழை நாளில் உயிர்ப்பலி விபத்துகள் கூடுகின்றன என்று முதல் ஆய்வு உறுதி செய்தது. கூடவே, முந்தைய மழைக்கும் இந்த மழைக்கும் இடையே எத்தனை நாள் வறண்டு கிடந்ததோ அத்தனைக்கு இந்த மழையின் ஆபத்து பெருகுகிறது என்பதையும் கண்டது. நேற்றும் பெய்து இன்றும் பெய்யும் மழையைவிட, பல வாரம் கழித்துப் பெய்யும் மழையே கொடியதாக இருந்தது. பனியைப் பற்றிய இரண்டாம் ஆய்வு இன்னும் வியப்புக்குரியது. பனி பொழியும் நாள்களில் மோதல்களும் காயங்களும் கூடின, ஆனால் உயிர்போகும் விபத்துகள் வறண்ட நாள்களைவிடக் குறைவாகவே இருந்தன. எல்லோரும் மெதுவாகப் போவதால் மோதலின் வலிமை குறைந்துவிடுகிறது என்பதே அதற்குச் சொல்லப்படும் விளக்கம். இதற்கு விலக்காக நின்றது அந்தப் பருவத்தின் முதல் பனி நாள். அன்று உயிரிழப்பு கூடியது, முதிய ஓட்டுநர்களிடையே குறிப்பாகக் கூடியது.

இந்த முடிவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால், பருவகாலச் சாலைப் பாதுகாப்பின் மையம் எங்கே இருக்கிறது என்பது புலப்படும். பருவத்தின் நடுப்பகுதி ஓரளவு பழகிய ஆபத்து. ஒரு பருவம் முடிந்து அடுத்தது தொடங்கும் அந்தச் சில நாள்களில் சாலை மாறிவிடுகிறது, சாலையில் போகிறவரின் கையும் காலும் கண்ணும் மாறாமல் இருக்கின்றன. ஈரமான சாலை உருவாகப் பத்து நிமிடத் தூறல் போதும். பிரேக்கை எங்கே தொடங்க வேண்டும், முன்னால் போகும் வண்டிக்கு எவ்வளவு இடைவெளி விட வேண்டும், பாதசாரிக் கடவையில் எப்போது கால் வைக்கலாம் என்ற கணக்குகளோ மாதக்கணக்கில் படிந்த பழக்கங்கள். அவை ஒரே நாளில் திருந்துவதில்லை.

நீண்ட வறட்சிக்குப் பின் வரும் முதல் மழை ஏன் அவ்வளவு வழுக்குகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். வண்டிகளிலிருந்து சொட்டும் எண்ணெய், டயரிலிருந்து தேய்ந்து உதிரும் ரப்பர்த் துகள், புழுதி ஆகியவை வறண்ட நாள்களில் தார்ப்பரப்பின் நுண்ணிய குழிகளில் படிந்து கிடக்கின்றன. பலத்த மழை வெகுநேரம் பெய்தால் இவை கழுவப்பட்டு ஓடிவிடும். ஆனால் தூறலாகத் தொடங்கும் முதல் சில நிமிடங்களில் தண்ணீர் இவற்றைக் கழுவிக்கொண்டு போவதில்லை, குழைத்து மெழுகுகிறது. எண்ணெயும் தூசியும் நீரும் சேர்ந்த அந்த மெல்லிய பசை, சாலை பார்வைக்குச் சற்றே நனைந்ததுபோல் மட்டும் தோன்றும் நேரத்தில் டயருக்கும் சாலைக்கும் நடுவில் படர்ந்துவிடுகிறது. பலரும் கொட்டும் மழைக்குத்தான் வேகத்தைக் குறைக்கிறார்கள், தூறலுக்குக் குறைப்பதில்லை. ஆபத்தின் வரிசையோ பல நேரங்களில் தலைகீழாக இருக்கிறது.

இந்த வழுக்கலை எண்களாகப் பார்ப்பது நல்லது. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர் நகர்கிறது. எதிரே ஒன்றைக் கண்டு, அது என்னவென்று உணர்ந்து, காலைப் பிரேக்கில் வைக்க ஒன்றரை நொடி எடுக்கிறது என்று கொண்டால், பிரேக் பிடிப்பதற்கு முன்பே 21 மீட்டர் கடந்துவிடும். அதன் பிறகு, நல்ல உலர்ந்த சாலையில் 14 மீட்டரில் நிற்கும் வண்டி, உராய்வு குறைந்த ஈரச்சாலையில் 25 மீட்டர் வரை ஓடும். பனிக்கட்டி படர்ந்த சாலையில் அதே வண்டிக்கு 100 மீட்டர் தேவைப்படும். வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகிறது, ஏனெனில் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. உலர்ந்த சாலையில் முன்வண்டிக்கு இரண்டு நொடி இடைவெளி விட வேண்டும் என்று பல நாடுகளில் கற்பிக்கப்படுவதும், ஈரத்தில் அதை இரட்டிக்கச் சொல்வதும், பனிக்கட்டியில் பத்து மடங்கு கேட்பதும் இந்தக் கணக்கிலிருந்து வந்தவையே. முன்வண்டி ஒரு கம்பத்தைக் கடக்கும் நொடியிலிருந்து மனத்துக்குள் எண்ணத் தொடங்கி, நாம் அந்தக் கம்பத்தை அடையும்வரை எண்ணிப் பார்த்தால் இடைவெளி தெரிந்துவிடும். மீட்டரில் மதிப்பிடுவதைவிட நொடியில் எண்ணுவது எளிது என்பதோடு, வேகம் எதுவானாலும் அது பொருந்தும்.

சாலையில் தண்ணீர் தேங்கத் தொடங்கும்போது சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. டயரின் முகத்தில் வெட்டப்பட்டிருக்கும் பள்ளங்கள், பேச்சுவழக்கில் பட்டன் என்கிறோமே, அவை அழகுக்காக இருப்பவை அல்ல. தன் கீழே சிக்கும் தண்ணீரை டயர் பக்கவாட்டில் வெளியேற்றும் வாய்க்கால்கள் அவை. வேகம் கூடக் கூட வெளியேற்ற வேண்டிய தண்ணீரும் கூடுகிறது. வாய்க்கால் ஆழமில்லாமலோ வேகம் மிகுந்தோ போனால், டயருக்கு முன்னால் தண்ணீர் ஆப்புபோல் குவிந்து அதைச் சாலையிலிருந்து தூக்கிவிடுகிறது. 1960-களில் நாசா ஆய்வாளர்கள் விமானச் சக்கரங்களை வைத்து இதை ஆராய்ந்து, மிதக்கத் தொடங்கும் வேகம் டயரின் காற்றழுத்தத்தைச் சார்ந்தது என்று கண்டார்கள். அந்தக் கணக்கின்படி, 32 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு) காற்றழுத்தம் உள்ள கார் டயர், பள்ளங்கள் ஈடுகொடுக்க முடியாத அளவு தண்ணீர் நின்றால், மணிக்கு ஏறக்குறைய 95 கி.மீ. வேகத்தில் மிதந்துவிடும். காற்று குறைந்த டயர் அதற்கு முன்பே மிதக்கும். மொட்டை டயருக்கு மெல்லிய நீர்ப்படலமே போதும். புதிய கார் டயரின் பள்ளம் 7 அல்லது 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். பல நாடுகளின் சட்டம் 1.6 மில்லிமீட்டர் வரை அனுமதிக்கிறது. சட்டப்படி சரியான டயரும் மழைக்காலத்துக்குச் சரியான டயரும் ஒன்றல்ல. பள்ளம் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்ட டயரை மழை தொடங்கும் முன்பே மாற்றிவிடுவது நல்லது.

வண்டி மிதக்கும்போது ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிடும், எஞ்சின் சத்தம் சற்று உயரும். அந்த நொடியில் செய்யத் தோன்றுவதெல்லாம் செய்யக்கூடாதவை. பிரேக்கை மிதிக்காமல், ஸ்டியரிங்கை வெட்டாமல், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, சக்கரங்களை நேராக வைத்திருந்தால், வேகம் இறங்க இறங்க டயர் மறுபடியும் சாலையைப் பற்றிக்கொள்ளும்.

காரில் இருப்பவருக்கு இது அச்சமூட்டும் ஒரு நொடி. மோட்டார் சைக்கிளில் இருப்பவருக்கு மீளும் வாய்ப்பு மிகக் குறைவு. உள்ளங்கை அளவு பரப்பில் மட்டுமே ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடுகிறது. அந்தச் சிறு பரப்பு தரக்கூடிய பிடிமானத்தைத்தான் பிரேக்கும் திருப்பமும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். வளைவில் சாய்ந்திருக்கும் வண்டியில் பிரேக்கை இறுக்கினால் சக்கரம் சறுக்குவது இதனால்தான். ஆகவே ஈரத்தில் வளைவுக்கு முன்பே, வண்டி சாயாமல் நேராகப் போகும்போதே, இரண்டு பிரேக்கையும் மெல்ல மெல்ல அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக் இன்றைய வடிவில் கார்களில் 1978-இல் அறிமுகமாகி, மோட்டார் சைக்கிளுக்குப் பத்து ஆண்டு கழித்து வந்தது. இருசக்கர வண்டியில் அது காப்பாற்றும் அளவுக்கு வேறெந்தக் கருவியும் காப்பாற்றுவதில்லை என்றே சொல்வேன். ஆனாலும் இல்லாத பிடிமானத்தை அதனால் உண்டாக்க முடியாது. சாலையில் பூசிய வெள்ளைக்கோடு, பாதாளச் சாக்கடையின் இரும்பு மூடி, தண்டவாளம், பாலங்களின் இணைப்புத் தகடு, உதிர்ந்து நனைந்த இலைகள் ஆகியவை உலர்ந்த நாளில் கவனத்துக்கே வராதவை. நனைந்தால் ஒவ்வொன்றும் சோப்புத் தடவிய தரை. இவற்றைக் கடக்கும்போது வண்டியைச் சாய்க்காமல், பிரேக்கைத் தொடாமல், முடிந்தவரை குறுக்காகக் கடப்பதுதான் வழி. தலைக்கவசத்தைப் பற்றி விரித்துச் சொல்லத் தேவையில்லை. மோதிக் கீழே விழும் மோட்டார் சைக்கிள் ஓட்டியின் இறப்பு வாய்ப்பை அது சுமார் 42 சதவீதமும் தலைக்காய வாய்ப்பைச் சுமார் 69 சதவீதமும் குறைக்கிறது. மழைக்காலத்தில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது அதன் முகக் கண்ணாடி: கீறல் விழுந்த கண்ணாடியில் எதிர்விளக்கின் ஒளி சிதறி, இரவு மழையில் சாலையையே மறைத்துவிடும்.

மிதிவண்டிக்காரருக்கும் இதே வழுக்கல்தான், பிரேக் மட்டும் இன்னும் பலவீனம். சக்கரத்தின் விளிம்பைப் பிடிக்கும் கட்டைப் பிரேக் நனைந்திருந்தால், முதல் சில சுற்றுகள் தண்ணீரைத் துடைப்பதற்கே செலவாகும். பிடி அதற்குப் பிறகுதான் விழும். நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே லேசாக ஒருமுறை அழுத்தி ஈரத்தைத் துடைத்து வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். தண்ணீர் தேங்கும் சாலையோரத்தில் பள்ளமும் கண்ணாடிச் சில்லும் மறைந்திருக்கும் என்பதால் மிதிவண்டிக்காரர் சற்று உள்ளே தள்ளி வர நேரிடும். பின்னால் வரும் கார்க்காரர் அதை அடாவடியாக எடுத்துக்கொள்கிறார். உண்மையில் அது தற்காப்பு. பலத்த காற்று வீசும் காலத்தில் லாரியின் மறைவிலிருந்து வெளிப்படும் நொடியில் மிதிவண்டி ஒரு மீட்டர் அளவுக்குக்கூடப் பக்கவாட்டில் தள்ளப்படலாம். முந்திச் செல்பவர் விடும் இடைவெளி அதையும் தாங்க வேண்டும்.

தேங்கிய நீரைத் தாண்டி ஓடும் வெள்ளம் என்று வந்துவிட்டால் ஓட்டும் திறமைக்கு அங்கே வேலையில்லை. வேகமாக ஓடும் தண்ணீர் 15 செ.மீ. உயரம் இருந்தாலே ஆளை வீழ்த்திவிடும். 30 செ.மீ. நீர் பெரும்பாலான கார்களை மிதக்கச் செய்யும், 60 செ.மீ. ஓட்டம் பெரிய வண்டிகளையும் இழுத்துக்கொண்டு போகும். கார் கனமானது என்ற நம்பிக்கை இங்கே ஏமாற்றுகிறது. உள்ளே காற்று நிறைந்த பெட்டி அது, படகைப் போல எழும்பும். தண்ணீருக்கு அடியில் சாலை இன்னும் இருக்கிறதா என்பதும் வெளியிலிருந்து தெரியாது.

மூடுபனிக் காலம் கண்ணின் சோதனை. பனி அடர்ந்தால் எல்லோரும் தானாகவே மெதுவாகப் போவார்கள் என்று எதிர்பார்ப்போம். 1998-இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வொன்று, மூடுபனிபோல் காட்சியின் ஒளிவேறுபாடு மங்கும்போது, உண்மையில் போகும் வேகத்தைவிடக் குறைவாகப் போவதாக மூளை உணர்கிறது என்றும், அதனால் ஓட்டுபவர் அறியாமலே வேகத்தைக் கூட்டிவிடுகிறார் என்றும் காட்டியது. காட்சி முழுவதும் ஒரே அளவில் மங்காமல், இயற்கையான மூடுபனியில்போல் தொலைவில் உள்ளவை மட்டும் கூடுதலாக மங்கும்படி செய்து பார்த்த 2012 ஆய்வு, வேகம் கூடுதலாகவே உணரப்படுகிறது என்று இதற்கு நேர்மாறான முடிவைத் தந்தது. இரண்டையும் படிப்பவர் எடுத்துக்கொள்ளக்கூடிய முடிவு ஒன்றுதான்: பனிக்குள் நம் வேக உணர்வு நம்பத்தக்கதல்ல, வேகமானியைப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகமே அங்கே உச்சவேகம். ஹைபீம் போட்டால் நீர்த்துளிகளில் பட்டு ஒளி திரும்பி வந்து வெள்ளைச் சுவராக நிற்கும் என்பதால் தாழ்ந்த ஒளியையே பயன்படுத்த வேண்டும். முன்வண்டியின் சிவப்பு விளக்கை வழிகாட்டியாகப் பிடித்துக்கொண்டு நெருங்கிப் போவது மனத்துக்கு ஆறுதலாக இருக்கும்; பனியில் வரிசையாக மோதும் விபத்துகளுக்கு வழிசெய்வதும் அதுதான்.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியைச் சேர்ந்த பெர்சி ஷா 1934-இல் காப்புரிமை கோரிய பூனைக்கண் என்ற கருவியை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. சாலை நடுவே பதித்த அந்தக் கண்ணாடி மணிகள், வந்த ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்புகின்றன. வண்டி மேலே ஏறினால் மணி கீழே அமிழ்ந்து, உள்ளே சேர்ந்திருக்கும் மழைநீராலும் ரப்பராலும் துடைக்கப்பட்டு மேலே வரும். மனிதர் மறந்தாலும் தன்னைத் தானே துடைத்துக்கொள்ளும் பாதுகாப்பு அது.

குளிர்ப் பிரதேசங்களில் பருவம் மாறும் நாளின் தனி ஆபத்து, தாரின் நிறம் தெரியும்படி கண்ணாடிபோல் படரும் மெல்லிய பனிக்கட்டி. கடுங்குளிரில் உள்ள பனிக்கட்டியைவிட, உறைநிலையை ஒட்டி, மேற்பரப்பில் ஈரம் கசியும் பனிக்கட்டி அதிகம் வழுக்கும். பாலங்கள் மற்றச் சாலைகளுக்கு முன்பே உறைந்துவிடும், ஏனெனில் மண்ணின் வெப்பம் அவற்றுக்குக் கிடைப்பதில்லை, மேலிருந்தும் கீழிருந்தும் காற்று குளிர்விக்கிறது. அதுவரை பிடிப்பாக இருந்த சாலையில் வந்தவர் பாலத்தில் ஏறியதும் சறுக்குகிறார். வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் டயரின் காற்றழுத்தமும் ஏறத்தாழ 2 பி.எஸ்.ஐ. குறையும், எனவே குளிர் தொடங்கும் வாரத்தில் காற்றைச் சரிபார்ப்பது அவசியம்.

வெயிலையும் வானம் தெளிந்த நாளையும் யாரும் ஆபத்தாக எண்ணுவதில்லை. சம இரவு நாள்களையொட்டிய வாரங்களில் உலகம் எங்கும் சூரியன் நேர் கிழக்கில் எழுந்து நேர் மேற்கில் மறைவதால், கிழக்கு மேற்காகப் போகும் சாலைகளில் காலையிலும் மாலையிலும் வெயில் நேராக ஓட்டுநரின் கண்ணில் விழுகிறது. முன்கண்ணாடியின் உட்புறத்தில் படியும் மெல்லிய புகைப்படலம் அப்போது ஒளிர்ந்து எதிரில் இருப்பதை மறைக்கும். வெளிப்புறத்தைத் துடைப்பவர்கள் உட்புறத்தை மறந்துவிடுகிறார்கள். கடும் வெயிலில் தார் இளகி மேலே கசிந்த இடம் இருசக்கர வண்டிக்கு மழையளவே வழுக்கும். காற்று குறைந்த டயர் மடிந்து மடிந்து சூடேறி வெடிக்கும். நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் 20 டிகிரிக்கு மேல் உயர்கிறது, அதில் பெரும்பகுதி முதல் அரை மணியிலேயே. ஆகவே ஐந்து நிமிட வேலைக்கென்றாலும் குழந்தையை உள்ளே விட்டுப் போகக் கூடாது. நீண்ட குளிருக்குப் பின் வரும் முதல் இதமான நாள்களில் மோட்டார் சைக்கிள்களும் மிதிவண்டிகளும் மறுபடி சாலைக்கு வருகின்றன. அவற்றைப் பார்க்கும் பழக்கம் மற்ற ஓட்டுநர்களின் கண்ணிலிருந்து அதற்குள் போய்விட்டிருக்கும். சந்திப்பில் இருபுறமும் பார்த்துவிட்டுத் திரும்பியவர், பார்த்தேன், ஆனால் யாருமில்லையே என்று சொல்வது பெரும்பாலும் பொய்யல்ல. கார்களையும் லாரிகளையும் தேடிய கண், குறுகிய உருவத்தைக் கடந்து போய்விட்டது.

பொழுது சீக்கிரம் சாயும் மாதங்களில் நடந்து போகிறவரின் நிலை எல்லோரையும்விட மோசம். நெருங்கி வரும் விளக்கை அவர் வெகு தூரத்திலிருந்தே காண்கிறார், அதனால் தானும் அவ்வாறே தெரிவதாக நம்புகிறார். 1970-இலேயே இது சோதித்துப் பார்க்கப்பட்டது. பாதசாரிகள், தாங்கள் ஓட்டுநருக்குத் தெரியும் தூரத்தை மிகைப்படுத்தியே மதிப்பிட்டார்கள். ஓட்டுநருக்கு வயதானால் இடைவெளி மேலும் கூடும், ஏனெனில் 20 வயதுக் கண்ணின் விழித்திரையை எட்டும் ஒளியில் மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் எட்டுகிறது. ஒளிரும் மஞ்சள், ஆரஞ்சு நிற உடைகள் பகலிலும் அந்தியிலும் உதவும். சூரியனின் புற ஊதாக் கதிரால் ஒளிர்பவை என்பதால் இருட்டில் அவை சாதாரணத் துணிதான். இருட்டில் வேண்டியது ஒளியை வந்த வழியே திருப்பும் பட்டை. அதையும் மார்பில் ஒட்டிக்கொள்வதைவிடக் கணுக்காலிலும் முழங்காலிலும் மணிக்கட்டிலும் கட்டிக்கொள்வது மேல். மூட்டுகளின் அசைவைக் கண்டதும் அது நடக்கும் மனிதர் என்று மூளை உடனே அறிந்துவிடுகிறது, மார்பில் மினுங்கும் ஒளியை வழிக்கம்பம் என்று அது எண்ணிவிடக்கூடும். குடையைத் தாழ்த்திப் பிடித்தாலும் தலைமூடியை இழுத்துப் போர்த்தினாலும் பக்கவாட்டுப் பார்வையும் கேட்கும் திறனும் போய்விடுகின்றன என்பதை மழைநாளில் கடவையில் நிற்பவர் நினைவில் வைக்க வேண்டும்.

ஆனால் இந்த எச்சரிக்கைகளை நடப்பவர்மேல் மட்டும் சுமத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. உலகில் ஆண்டுதோறும் சாலையில் இறக்கும் சுமார் 11.9 இலட்சம் பேரில் பாதிக்கு மேற்பட்டோர் பாதசாரிகள், மிதிவண்டிக்காரர்கள், மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். அவர்களைச் சுற்றி இரும்புக் கூடு இல்லை. காரின் முன்பக்கம் மோதும் வேகம் 50 கி.மீ.யிலிருந்து 65 கி.மீ. ஆனால் பாதசாரி இறக்கும் வாய்ப்பு நாலரை மடங்காகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஈரமான சாலையில் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வந்து, கடவையில் கால் வைத்தவரைக் கண்டு பிரேக் பிடித்த கார், கண்ட இடத்திலிருந்து 46 மீட்டரில் அவரைத் தொடாமல் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே இடத்தில் அவரைக் கண்டு பிரேக் பிடித்த இன்னொரு கார் 60 கி.மீ. வேகத்தில் வந்திருந்தால், அவர்மேல் மோதும்போதும் அது ஏறத்தாழ 40 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.